என் வீட்டில் தங்கிய ஜெர்மானியர்கள்

முதலில் வந்தவன் ரேகன்ஸ்புர்க் பையன். வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு வீட்டில் இருந்த அத்தனை ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தான். ஜூலை மாதம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜூலை என்றால் நம் ஊர்க் கத்திரி வெயிலோடு கடற்கரைப் புழுக்கத்தையும் சேர்த்துக் கட்டியது போல இருக்கும். ஏசி உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருக்கிறது, இவன் அரைக்கால் சட்டையோடு நின்று "காற்று மாற வேண்டும்" என்கிறான். ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு, லுஃப்டன். பனி கொட்டினாலும் தினமும் இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் விடுவார்கள். சுவரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத்தான் அது. இங்கே திறந்தால்தான் பூஞ்சை பிடிக்கும் என்பதை அவனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாத மின்கட்டணம் செலவானது.

நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன். 2016-இல் இந்த மாநிலத்துக் கிரீன்வில்லுக்கு வந்தேன், கார் உதிரிபாகத் தொழிலில் வேலை. 2021-இல் கடன் வாங்கி ஒரு வீடு வாங்கினேன். தவணை கழுத்தைப் பிடித்ததால் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டேன். பக்கத்து ஸ்பார்டன்பர்க் வட்டாரத்தில் 1994 முதல் பி.எம்.டபிள்யூ ஆலை ஓடுகிறது. அதைச் சுற்றி ஜெர்மன் கம்பெனிகள் நிறைய. படிக்கும்போதே பயிற்சிக்கு வரும் ஜெர்மன் பிள்ளைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் தங்க இடம் தேவைப்படும். அப்படி வந்தவர்களில் மூன்று பேரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், நம் ஊர் வழக்கப்படி ஊர்ப்பெயராலேயே சொல்லிவிடுகிறேன்: ரேகன்ஸ்புர்க் பையன், லைப்சிக் பெண், உல்ம் தம்பி.

அமெரிக்காவுக்கு வரும் நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படித்தான் வந்தேன். விமான நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் சாலையைப் பார்த்து வாயைப் பிளப்போம். இவர்கள் சாலையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நடைபாதை எங்கே என்று கேட்டார்கள்.

ரேகன்ஸ்புர்க் பையன் முதல் ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கக் கிளம்பினான். ஞாயிறன்று கடை திறந்திருக்கும் என்பதே அவனுக்கு ஒரு செய்தி, ஜெர்மனியில் அன்று பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டுத்தான். கடை ஒன்றேகால் கிலோமீட்டர் தூரம். சாலையோரப் புல்லில் நடந்து போயிருக்கிறான். திரும்பி வருவதற்குள் மூன்று கார்கள் நின்றனவாம். "கார் பழுதாகிவிட்டதா? எங்கேயாவது இறக்கிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். நடப்பதற்காக நடக்கிறேன் என்று சொன்னால் நம்பவில்லை. "என் ஊரில் நான் மயங்கி விழுந்தால்தான் கார் நிற்கும்" என்றான். அதைப் பாராட்டாகச் சொன்னானா, குறையாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரயிலும் அப்படித்தான். ஜெர்மனியில் மாதச் சந்தா ஒன்று எடுத்தால் நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எதிலும் ஏறலாம். 2023 மே மாதம் அதைத் தொடங்கியபோது விலை 49 யூரோ. அந்தப் பழக்கத்தில் கிரீன்வில் ரயில் நிலையத்தைத் தேடிப் போனான். நியூயார்க்குக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடும் கிரசென்ட் ரயில் இங்கே நிற்கும். திசைக்கு ஒன்று, நாளைக்கு ஒரு முறை, இரண்டுமே ஊர் உறங்கும் நேரத்தில். ரயில் தாமதமாகும் என்று ஜெர்மானியர்கள் தங்கள் ரயில்வேயைத் திட்டாத நாளில்லை. இந்த நேர அட்டவணையைப் பார்த்த பிறகு அவன் திட்டுவதை நிறுத்திக்கொண்டான்.

ஆக, கார் இல்லாமல் இங்கே கால் இல்லை. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனபோது எனக்குத்தான் வயிறு எரிந்தது. தென் கரோலினாவுக்கும் ஜெர்மனிக்கும் இதில் ஓர் உடன்பாடு இருக்கிறது. ஜெர்மன் உரிமத்தைக் காட்டினால் போதும், ஓட்டிக் காட்ட வேண்டாம். நான் இந்தியாவில் ஒன்பது வருடம் ஓட்டியவன், இங்கே எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதி, இணையாக நிறுத்துவதில் ஒரு முறை தோற்று, மறுபடி போனேன். ஆனால் உரிமம் சுலபமாகக் கிடைத்தாலும் பழக்கம் உடனே மாறாது. அவர்கள் ஊரில் சிவப்பு விளக்கு என்றால் சிவப்புத்தான். இங்கே முழுதாக நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம், எழுதி வைத்துத் தடுத்திருந்தால் தவிர. நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை இருக்கும் சந்திப்பில், முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும். ஜெர்மனியில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்தில் வருபவருக்கு வழி. உல்ம் தம்பி இந்தச் சந்திப்பில் நின்று வலப்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான், எல்லோரும் கையசைத்து "நீ போ, நீ போ" என்கிறார்கள், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது.

இன்னொன்றை வந்த முதல் வாரமே மூவருக்கும் உட்காரவைத்துச் சொன்னேன். போலீஸ் விளக்குப் போட்டு நிறுத்தினால் காரை விட்டு இறங்கிப் பேசப் போகாதீர்கள். வலது ஓரமாக நிறுத்தி, ஜன்னலை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக் காத்திருங்கள். காகிதம் எடுக்க வேண்டுமென்றால் சொல்லிவிட்டு எடுங்கள். ரேகன்ஸ்புர்க் பையன் சிரித்தான். லைப்சிக் பெண் சிரிக்கவில்லை, "ஏன்?" என்று கேட்டாள். இங்கே யாரிடம் துப்பாக்கி இருக்கும், யாரிடம் இருக்காது என்று நிறுத்துபவருக்கும் தெரியாது என்றேன்.

பணம் சம்பந்தப்பட்ட விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அடிபட்டது அங்கேதான். விலைச்சீட்டில் 10 டாலர் என்றிருந்தால் கல்லாவில் 10 டாலர் இல்லை. இங்கே மாநில விற்பனை வரி 6 சதவீதம், அது பிறகு சேரும். ஜெர்மனியில் வரி 19 சதவீதம் என்றாலும் சீட்டில் போட்டதுதான் விலை. பத்து டாலர் தாளை நீட்டிக்கொண்டு நின்ற முகங்களை நிறையப் பார்த்துவிட்டேன். சம்பளம் வேறு கதை. உல்ம் தம்பிக்கு முதல் சம்பளம் காசோலையாக வந்தது. இருபது வயதில் அதுதான் அவன் கையில் பிடித்த முதல் காசோலை. அதை என்ன செய்வது என்று என்னிடம் கொண்டுவந்தான். பின்பக்கம் கையெழுத்துப் போட்டு போனில் படமெடுத்தால் வங்கியில் ஏறிவிடும் என்று சொன்னதும், எதற்குப் பிறகு இந்தக் காகிதம் என்றான். பதில் இல்லை.

அவன் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் என்று 7.65 சதவீதம் பிடித்திருந்தார்கள். ஜே-1 விசாவில் புதிதாக வந்த பயிற்சியாளர்களுக்கு அந்தப் பிடித்தம் கிடையாது. சம்பளப் பிரிவுக்கு எழுது என்றேன். தம்பி மறுத்தான். "அவர்கள் வேலையே அதுதானே, சரியாகத்தான் செய்திருப்பார்கள்." இரண்டு வாரம் கழித்து மனமில்லாமல் எழுதினான். ஒரு வரி மன்னிப்போடு பணம் திரும்ப வந்தது. யாரும் அவனை ஏமாற்றவில்லை, யாரும் அவனுக்காக யோசிக்கவும் இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவனிடம் "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்ற நம் பழமொழியை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை அழுவதற்கு முன்னால் நேரம் பார்த்துப் பால் கொடுப்பதுதானே ஒழுங்கு என்றான். ஜெர்மானியன் பதில்! ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இந்த நாட்டில் கேட்க வேண்டும். வாடகை முன்பணம், மருத்துவமனைப் பில், தாமதக் கட்டணம், தவறான பிடித்தம் எதுவானாலும் மரியாதையாகக் கேட்டால் பாதி நேரம் கிடைத்துவிடும். கேட்காவிட்டால் எவரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். நமக்கு இது கைவந்த கலை, தாலுகா ஆபீஸில் வளர்ந்தவர்கள் நாம். விதிப்படி எல்லாம் நடக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, கேட்பதே ஒரு மானக்கேடாக இருக்கிறது.

ரேகன்ஸ்புர்க் பையனின் மணிக்கட்டுக் கதை இதற்குப் பொருத்தம். கிரீன்வில்லில் பழைய ரயில் பாதையை மாற்றிப் போட்ட ஸ்வாம்ப் ராபிட் டிரெயில் என்ற சைக்கிள் பாதை உண்டு, டிராவலர்ஸ் ரெஸ்ட் என்ற சின்ன ஊர் வரைக்கும் போகும். இந்த ஊரில் அவன் மனதாரப் புகழ்ந்த ஒரே கட்டுமானம் அதுதான். அதிலேயே விழுந்து மணிக்கட்டில் விரிசல். நான் வேலையில் இருந்தேன். அவன் நேராக ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட்டான். நான்கு மணி நேரம் காத்திருந்து ஒரு எக்ஸ்ரே, ஒரு கட்டு.

மூன்று வாரம் கழித்துக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம், 4,000 டாலருக்கு மேல் போட்டிருந்தது. பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜெர்மனியில் அட்டையைக் காட்டிவிட்டு வெளியே வந்தால் கதை முடிந்தது. அப்பாவுக்கு போன் போட்டுப் பணம் அனுப்பச் சொல்லியிருக்கிறான். கடிதத்தின் மேல் மூலையில் "இது பில் அல்ல" என்று அச்சிட்டிருந்ததை நான்தான் காட்டினேன். எதற்கு எவ்வளவு கேட்டார்கள், காப்பீடு எவ்வளவு கொடுத்தது என்று சொல்லும் விளக்கத்தாள் அது. உண்மையான பில்கள் பிறகு வந்தன, ஒன்றல்ல, மருத்துவமனை தனியாக, மருத்துவர் தனியாக, எக்ஸ்ரே படித்தவர் தனியாக. ஒவ்வொன்றுக்கும் உருப்படி வாரியாகப் பில் கேட்டு எழுதினோம். ஒரு பில் காப்பீட்டுக்கே போகாமல் நேராக அவனுக்கு வந்திருந்தது. நான்கு மாத இழுபறிக்குப் பிறகு அவன் கையிலிருந்து போனது சில நூறு டாலர்.

இதிலிருந்து என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியாயிற்று. உயிருக்கு ஆபத்தில்லாத காயம், காய்ச்சல் என்றால் அவசரப் பிரிவு வேண்டாம், அர்ஜென்ட் கேர் என்று பலகை போட்ட சிறிய கிளினிக்குக்குப் போ. போகும் முன் உன் காப்பீட்டை ஏற்பார்களா என்று போனில் கேள். "இது பில் அல்ல" என்ற தாளைக் கண்டு பயப்படாதே, கிழித்தும் போடாதே.

ஹெலன் போன கதையைச் சொல்லாமல் விட்டால் உல்ம் தம்பி கோபித்துக்கொள்வான். ஜார்ஜியா மலையடிவாரத்தில், எங்களிடமிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சிற்றூர் ஹெலன். மரம் அறுக்கும் தொழில் படுத்துப்போன பிறகு, 1969 வாக்கில் ஊர்க்காரர்கள் கூடி, கடைகளுக்கெல்லாம் ஜெர்மனியின் பவேரிய மாநில மலைக் கிராம வேடம் போட்டார்கள். கூரை, மாடம், சுவர்ச்சித்திரம் எல்லாம் ஆல்ப்ஸ். சுற்றுலாவில் பிழைத்துக்கொண்டது ஊர். அங்கே நடக்கும் அக்டோபர் பீர் விழாவுக்குப் போனோம். டிர்ண்டில் பாவாடை கட்டிய பரிமாறும் பெண், தம்பி ஜெர்மனி என்றதும் குதித்தாள், "பவேரியாவா?" என்றாள். உல்ம் பவேரியா இல்லை, டான்யூப் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் நொய்-உல்ம்தான் பவேரியா என்று அவன் ஆற்றையே வரைந்து விளக்கினான். எல்லாம் கேட்டுவிட்டு அடையாள அட்டை கேட்டாள். வயது இருபது. பீர் கிடையாது.

ஜெர்மனியில் பதினாறு வயதில் பீர் வாங்கலாம். அமெரிக்காவில் 1984-இல் வந்த சட்டத்தின் விளைவாக எல்லா மாநிலத்திலும் இருபத்தொன்று. பவேரிய வேடம் போட்ட ஊரில், பவேரிய இசைக்கு நடுவே, ஜெர்மானியன் கையில் வேர்க்கஷாய வாசனை அடிக்கும், போதையில்லாத ரூட் பீர். கல்யாண வீட்டில் ஒரு வாய் குடித்தாலே தலை சுற்றும் எனக்கு முன்னால் ஒரு லிட்டர் குவளை. "பதினைந்து வயதில் இங்கே காரோட்டப் பழகலாம், இருபது வயதில் பீர் கூடாது" என்று வழி முழுக்க முனகினான். அவனுக்காக வாங்கி நகர்த்திவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. அது வாங்கிக் கொடுப்பவருக்கும் குற்றம், விசாவில் இருப்பவர்கள் விளையாடக் கூடாத விளையாட்டு. திறந்த பாட்டிலைக் காரில் வைத்துக்கொண்டு வருவதும் அப்படியே.

டிப்ஸ் கணக்கு அந்த மேஜையில்தான் தீர்ந்தது. இருபது சதவீதமா என்று தம்பி குமுறினான், அவர்கள் ஊரில் சில்லறையை முழுதாக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு இங்கே கூட்டாட்சிச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-இலிருந்து அது ஏறவில்லை. இதைச் சொன்னதும் அமைதியாகிவிட்டான். இருபது வைத்தான், முறை சரியில்லை என்றும் சொன்னான். இரண்டும் நியாயம்தான்.

லைப்சிக் பெண் இவர்களைப் போல இல்லை. இருபத்து நான்கு வயது, பேச்சு குறைவு, கவனிப்பு அதிகம். கார் வாடகைக்கு எடுத்தால் இருபத்தைந்துக்குக் கீழே என்று நாளுக்கு இவ்வளவு கூடுதல் கேட்பார்கள், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் பயணம் போடுவாள். காசு போட்டுத் தள்ளுவண்டி எடுக்கும், ஜெர்மன் கம்பெனியான ஆல்டி கடையைக் கண்டுபிடித்த அன்று மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். அங்கே கல்லாவில் இருப்பவர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், மற்ற கடைகளில் ஏன் நிற்க வைக்கிறார்கள் என்று கேட்டாள். ஏழு வருடமாக நான் கவனிக்காத விஷயம்.

2023 இலையுதிர் காலத்தில் சார்ல்ஸ்டன் போனோம். வழியில் ஒரு பழைய பண்ணை மாளிகை. ஓக் மரங்கள் வரிசையாக நிற்க, பார்த்தாலே படமெடுக்கத் தோன்றும் இடம். புல்வெளியில் கல்யாண நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நூறடி தள்ளி, அடிமைகள் வாழ்ந்த செங்கல் குடிசைகள். அவள் பள்ளியில் நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமுக்கு அழைத்துச் சென்றார்களாம். "அங்கே யாராவது கல்யாணம் செய்வார்களா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் துறைமுகத்தில் கேட்ஸ்டன் வார்ஃபில், அந்த ஜூன் மாதம்தான் திறந்திருந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் இருந்தோம். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற அதே கரை.

திரும்பி வந்த வாரம், கிரீன்வில்லில் வில்லி எர்ல் என்ற இருபத்து நான்கு வயது கறுப்பின இளைஞனை 1947 பிப்ரவரியில் ஒரு கும்பல் பக்கத்து பிக்கன்ஸ் சிறையிலிருந்து இழுத்து வந்து கொன்றதைத் தேடிப் படித்துக் காட்டினாள். குற்றம் சாட்டப்பட்ட 31 பேரில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. நான் தினமும் வேலைக்குப் போகும் ஊர். "ஜெர்மானியர்கள் நினைவுச்சின்னம் கட்டுவதில் கெட்டிக்காரர்கள், பாட்டியிடம் கேள்வி கேட்பதில் இல்லை" என்று தன்னையும் சேர்த்தே சொன்னாள். எனக்குக் கீழ்வெண்மணி ஞாபகம் வந்தது. 1968 டிசம்பரில் 44 பேர் எரிந்த இடம், பிறகு உயர் நீதிமன்றத்தில் பண்ணையார் தரப்பு விடுதலையான வழக்கு. என் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஒரு வாத்தியாரும் எங்களை அங்கே கூட்டிப்போனதில்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். இங்கே கிடைக்கும் ரொட்டியைப் பஞ்சு என்பாள், அதனால் ஞாயிறு தோறும் கம்பு நிறத்தில் கல் போன்ற ஒன்றைச் சுடுவாள். ருசி பழகிவிடும்.

மூவரும் அமெரிக்கர்களைப் பற்றி ஒரே சொல்லைச் சொன்னார்கள்: மேலோட்டமானவர்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்பதில்லை, "ஒருநாள் சந்திப்போம்" என்பார்கள், நாட்குறிப்பை எடுத்து எந்த நாள் என்று கேட்டால் விழிப்பார்கள். இதில் மட்டும் நான் அவர்கள் கட்சி இல்லை. சாலையில் நின்ற மூன்று கார்களை எண்ணிப் பாருங்கள். எதிர்வீட்டு அம்மாள், பையனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் சாப்பாடு கொண்டுவந்தார், நன்றி நவிலல் நாளில் எங்கள் வீட்டையே கூட்டிப்போய் உட்காரவைத்தார். கூடவே சர்ச்சுக்கும் அழைத்தார் என்பது உண்மை. "ஒருநாள் சந்திப்போம்" என்பது அழைப்பு அல்ல, விடைபெறும் சொல். நம் "வரேன்" போல. யார் நாள், நேரம், இடம் சொல்கிறார்களோ அவர்கள்தான் அழைக்கிறார்கள்.

பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வரைபடத்தைப் பார்த்து, ஒரு நீண்ட வார இறுதியில் கிராண்ட் கேன்யன் போய்வரலாம் என்றான் தம்பி. இங்கிருந்து ஒரு வழியே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள் என்று ஸ்மோக்கி மலைக்கு அனுப்பினேன், நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தத்தான் சீட்டு எடுக்க வேண்டும், ஒரு நாளுக்கு 5 டாலர். ப்ளூ ரிட்ஜ் மலைச்சாலையில் வேகம் மணிக்கு 45 மைலுக்கு மேல் கூடாது. ஜெர்மன் அதிவேகச் சாலையான ஆட்டோபானில் பறந்தவனுக்கு அது தியானம் மாதிரி இருந்ததாம்.

பயிற்சி முடிந்த பிறகு ஜே-1 ஆட்களுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு, ஊர் சுற்றலாம். தம்பி நயாகராவைக் கனடா பக்கமிருந்து பார்க்க அறையே போட்டுவிட்டான். அந்த முப்பது நாளில் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் அதே விசாவில் திரும்ப முடியாது. விசா இல்லாமல் வருவதற்கான எஸ்டா அனுமதி எடுத்துப் புதிதாக வரலாம் என்றாலும், உள்ளே விடுவது எல்லையில் நிற்கும் அதிகாரி கையில். பெட்டி, பை எல்லாம் என் வீட்டில். முன்பணம் போனால் போகிறது என்று நியூயார்க் பக்கமிருந்தே பார்த்துவிட்டு வந்தான். கனடாப் பக்கம்தான் அழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவனிடம் நான் சொல்லவில்லை.

ரேகன்ஸ்புர்க் பையன் போகும்போது துணி காயப்போடும் மடக்குக் கம்பிச் சட்டம் ஒன்றை விட்டுப்போனான். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் வெளியே துணி காயப்போட்டால் அபராதம், எல்லோரும் மின்சார உலர்த்திதான். வெயில் இவ்வளவு இருக்கும்போது துணிக்கு எதற்கு மின்சாரம் என்று அவன் கேட்டபோது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் அம்மா பேசுவது போலிருந்தது. பின்பக்கம், வேலிக்கு உள்ளே, சாலையிலிருந்து தெரியாத மூலையில் அதை வைத்தோம். லைப்சிக் பெண் பயன்படுத்தினாள், உல்ம் தம்பி ஒரு கால் உடைத்தான், கம்பி கட்டிச் சரிசெய்தேன். இப்போது என் வேட்டி அதில் காய்கிறது.

ஜனவரியில் ப்ரேமனிலிருந்து ஒரு பெண் வருகிறாள். வாடகை, தூரம், காப்பீடு என்று நான் எழுதிய நீளமான மடலுக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருக்கிறாள். எல்லாம் சரி, நன்றி. அறை ஜன்னல் திறக்குமா?